பால்மரமா, செம்பனையா?

பாட்டி பால்வெட்டிய தோட்டத்தில் பின்னாளில் மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். “ரப்பர் விலை விழுந்துச்சு, அதான்” என்பார் பாட்டி. அது மட்டும்தானா காரணம்?

இத்தகைய நிலப்பயன்பாட்டு முடிவுகளை ஆராயப் பேய்சியன் வலையமைப்பு உதவுகிறது. 1985இல் அதற்கு அப்பெயரிட்டவர் ஜூடியா பேர்ல். அதில் காரணங்களும் விளைவுகளும் கணுக்கள். ஒன்று மற்றொன்றைப் பாதிப்பதை அம்புக்குறி காட்டும். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நிகழ்தகவு அட்டவணை உண்டு.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். விலை வீழ்ச்சிக்கு 50 விழுக்காடு, ஆள் பற்றாக்குறைக்கு 50 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ஏதேனும் ஒன்று நேர்ந்தால் மரம் அழிக்கப்படும். இரண்டும் இல்லையேல் அழிக்கப்படாது. மரம் அழிந்ததைக் கண்டதும், விலை வீழ்ந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 67 விழுக்காடாக உயர்கிறது. ஆள் பற்றாக்குறை இருந்தது உறுதியானால், அது மீண்டும் 50க்கே இறங்குகிறது. பால்வெட்டைவிடச் செம்பனைக்கு ஏக்கருக்கு ஆள் குறைவாகவே தேவை. ஆகவே, விலையை மட்டும் குறைசொல்ல முடியாது.

வரைந்ததைப் பாட்டியிடம் காட்டினேன். “எங்க லயத்து வீட்ட இதுல காணோமே, ஐயா?” என்றார்.

உண்மைதான். வரையாத கணுவைப் பற்றி வலையமைப்பு எதுவும் சொல்லாது. ‘மரம் அழிப்பு’ என்ற கணுவிலிருந்து ‘வீடிழந்த குடும்பங்கள்’ என்ற புதிய கணுவுக்கு ஓர் அம்புக்குறி வரைந்தேன். அதன் அட்டவணை இன்னும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பப் பாட்டியைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.