குருத்தணுவும் நச்சுயிரியும்

வாழைத்தண்டை வெட்டினாலும் மறுநாளே நடுவிலிருந்து குருத்து மேலெழும். கிழங்கை அகழ்ந்தாலன்றி வாழை அழிவதில்லை. உடலில் தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, பிற உயிரணுக்களையும் தோற்றுவிக்கும் மூல அணுவைக் 'குருத்தணு' என்னும் பெயரால் வழங்குதல் மிகப் பொருத்தமே. அதன் ஆற்றலை ஒரு நச்சுயிரி எங்ஙனம் தன்வயப்படுத்துகிறது என்பதைக் கருப்பை வாய்ப் புற்றுநோயின் வழி ஈண்டுக் காண்போம்.

நோயின் காரணம்

எச்.பி.வி. எனச் சுருங்க வழங்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸே இந்நோய்க்குத் தலையாய காரணம். செருமானிய அறிஞர் ஹெரால்டு சுர் ஹவுசனின் குழுவினர் இதன் 16-ஆம் வகையை 1983-இலும், 18-ஆம் வகையை 1984-இலும் புற்றுத் திசுவில் கண்டறிந்தனர். அதற்காக 2008-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இப்புற்றுநோயுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்விரு வகைகளால் விளைவதே.

நுழையும் இடம்

கருப்பை வாயில் ஓரடுக்குத் தோலும் பல்லடுக்குத் தோலும் சந்திக்கும் எல்லை ஒன்றுண்டு. மேலடுக்கின் அணுக்கள் விரைவில் உதிர்வன. அடியடுக்கின் அணுக்களோ நிலைத்திருந்து பெருகுவன. நுண்ணிய சிராய்ப்பின் வழியே புகும் நச்சுயிரி அவ்வடியடுக்கையே நாடுகிறது. அவ்வெல்லையில் கருவளர் காலத்து இயல்பு மாறாத சில அணுக்கள் உள்ளன என்றும், இந்நோயின் பெரும்பகுதி அவற்றில் தோன்றக்கூடும் என்றும் அமெரிக்கப் பாஸ்டன் நகர ஆய்வாளர் 2012-இல் எடுத்துரைத்தனர்.

செயற்படும் முறை

நச்சுயிரியின் கருவிகள் இ-6, இ-7 என்னும் இரு புரதங்கள். பழுதுற்ற அணுவைத் தடுத்து நிறுத்தும் காவலனாகிய பி-53 புரதத்தை இ-6 சிதைக்கிறது. அணுப்பிரிவுக்குக் கடிவாளமாகிய ஆர்பி புரதத்தை இ-7 செயலிழக்கச் செய்கிறது. மேலும், டெலோமரேஸ் என்னும் நொதியை இ-6 தூண்டுவதால் அணு முதுமையடையாது பிரிந்துகொண்டே செல்கிறது. முதிர்ந்து உதிரவேண்டிய அணு, குருத்தணுவின் இயல்பைப் பற்றிக்கொள்கிறது. புற்றுக் கட்டியினுள் இத்தகைய அணுக்கள் சிலவே எனினும், கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் தப்பி, நோய் மீண்டும் தலைதூக்க அவை காரணமாகலாம் என்பர் ஆய்வாளர். இ-6, இ-7 இரண்டையும் அடக்கினால் புற்றணுக்களின் பெருக்கம் தடைப்படுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

காலம் தரும் வாய்ப்பு

பெரும்பாலான தொற்றுகளை உடலே ஈராண்டுக்குள் வென்றுவிடும். நிலைத்துவிட்ட தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இவ்விடைவெளியே நமக்குக் கிட்டிய வாய்ப்பு. நச்சுயிரி புகுமுன் காப்பது தடுப்பூசி. ஆதலின் 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு அது சிறந்த பயன் தரும். புகுந்துவிட்ட தொற்றை அது நீக்காது. அதற்குச் சோதனையே துணை. திண்டுக்கல் மாவட்டத்தில் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனையை மேற்கொண்டதால், இந்நோயின் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

நோவில்லாத காலத்தில் சோதனை எதற்கு என்று நம் தாய்மார் வினவலாம். நோவு தோன்றும் காலத்தில் குருத்து கிழங்காகியிருக்கும் என்பதே அதற்கு விடை. நாணத்தாலும் அறியாமையாலும் இந்நோயின் பெயரையே வீட்டில் சொல்லத் தயங்குகிறோம். அத்தயக்கம் நச்சுயிரிக்கு நாம் அளிக்கும் காலநீட்டிப்பாகும். மாணவியர் தம் அன்னையரிடமும், ஆசிரியர் தம் மாணவியரிடமும் இதனை எடுத்துரைப்பாராயின் பல உயிர்கள் காக்கப்பெறும்.