‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

திருவனந்தபுரம் ஆரியசாலையிலும் சாலைக் கம்போளத்திலும் கடைகளில் நின்று பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. சொந்தமாக இரண்டு, மூன்று சென்ட் வாங்கிவிட்டால் வீடு கட்டக் கேரள அரசின் லைஃப் மிஷன் 4 லட்சம் ரூபாய் தருகிறது. நகரப் பகுதியில் பிரதமரின் வீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து வந்த தொகை இது: மத்திய அரசு 1.5 லட்சம், மாநிலம் 50,000, மாநகராட்சி 2 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

விண்ணப்பம் எழுதுவது பெரிய வேலையல்ல; அக்ஷயா மையத்திலேயே முடிந்துவிடும். பலர் சறுக்குவது அதற்கு முன்னால், மனை வாங்கும்போது.

கரம் (நில வரி) அடைத்த ரசீதில் ‘நிலம்’ என்று இருப்பதைப் பார்த்து, நிலம்தானே வாங்குகிறோம் என்று தமிழர் நிம்மதியாகிவிடுகிறார். மலையாள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் வயல். வீடு கட்டத் தக்க மனைக்குப் ‘புரையிடம்’ என்று பெயர். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அனுமதியில்லாமல் வயலில் மண் நிரப்பி வீடு கட்ட முடியாது. அந்த இடம் அரசின் வயல் பட்டியலான டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கக் கேட்டுப் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் கணக்கில் மட்டும் நிலம் என்று கிடந்தால், தன்மை மாற்றத்துக்குப் படிவம் 6. இரண்டுமே காத்திருக்க வைக்கும். ‘விலை மலிவு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. புரையிடமாக இருக்கும் ஒன்றரை சென்ட், வயலாக இருக்கும் நாலு சென்ட்டைவிட மேல்.

வாங்கியதும் போக்குவரவு (வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம்) செய்து, தன் பெயரில் கரம் அடைத்து, வில்லேஜ் ஆபீஸில் கைவசச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே ‘ஆதாரம்’ கேட்டால் ஆதார் கார்டை நீட்டக் கூடாது. அவர்கள் கேட்பது கிரயப் பத்திரம். பத்திரத்தில் இனிஷியலும் ஆதாரில் அப்பா பெயர் முழுசாகவும் இருக்கிறதா? இரண்டும் ஒரே ஆள் என்ற சான்றையும் அப்போதே வாங்கி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது ரேஷன் கார்டு. மத்திய திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இவர்கள் பெயரில் இந்தியாவில் எங்குமே கல்வீடு இருக்கக் கூடாது. லைஃப் இன்னும் கண்டிப்பு: கார்டில் பெயருள்ள யாருக்கும் வீடு இருக்கக் கூடாது. நாகர்கோவிலில் வீடு வைத்திருக்கும் அப்பாவும் அதே கார்டில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மனை பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் மாநகராட்சியில் மனுக் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பஞ்சாயத்துக்கே போக வேண்டும். கட்டிய வீட்டைக் கடனில் வாங்குபவருக்கு வேறு வழி உண்டு. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர வீட்டுத் திட்டம் 2.0-இல், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் எடுத்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம்.

லைஃப் பணம் மொத்தமாக வராது. வேலை நடப்பதைப் பார்த்துத் தவணை தவணையாகத்தான் வரும். அதனால் அஸ்திவாரத்துக்கான காசு கையில் இருக்க வேண்டும். மாநகராட்சியோடோ பஞ்சாயத்தோடோ போடும் உடன்படிக்கையில் கையெழுத்தாகும் வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது.