வெறும் வெள்ளைக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள வாசகருக்கு,

நீலப் பூவேலை செய்த சீனப் பீங்கான் சரி, ஒன்றுமே வரையாத வெள்ளைக் கிண்ணத்துக்குக் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்களே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

பூவேலை இருந்தால் சின்னப் புள்ளியோ கீறலோ அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் அந்த வசதி கிடையாது. மண்ணில் இரும்பு கொஞ்சம் கூடினாலே நிறம் கெட்டுவிடும். மிங் பேரரசர் யோங்லேயின் காலத்தில் (1402–1424) ஜிங்தெசென் அரச சூளைகள் இப்படிக் குறையே இல்லாத வெள்ளையைத்தான் சாதித்தன. குறைபட்டவற்றை உடைத்துப் புதைத்துவிட்டார்கள். பின்னாளில் தோண்டியபோது அவர் கால அடுக்கில் கிடைத்த ஓடுகளில் பெரும்பாலானவை வெள்ளை. பரிசாக வந்த ஜேட் கிண்ணங்களைக்கூட, தினம் புழங்கும் பீங்கானே தனக்குப் போதும் என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

அந்த வெள்ளை ஏன் கண்ணாடிபோல் பளபளப்பதில்லை? மெருகில் சேர்க்கும் சாம்பலை வெகுவாகக் குறைத்தார்கள். அதனால் முழுக்க உருகாத நுண்துகள்களும் குமிழிகளும் உள்ளேயே தங்கி, ஒளியைச் சிதறடிக்கின்றன. இன்னொன்று, சில கிண்ணங்களின் மெல்லிய சுவரில் மெருகுக்கு அடியில் டிராகன் இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் நகமும் செதிலும் எழும்பி வரும்.

என்னைக் கேட்டால், யோங்லேக்கு முன்னூறு ஆண்டு முந்திய திங் பீங்கானே ஒரு படி மேல். வட சீனத்தில் ஹெபெய் பகுதியில் நிலக்கரி எரித்துச் சுட்டது. வெள்ளை தந்த நிறத்துக்குச் சாயும். கோணாமலிருக்கக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வாய் விளிம்பில் மெருகு பூச முடியாது. அந்தச் சொரசொரப்பை மறைக்கச் செம்புப் பட்டை கட்டினார்கள். அப்போது ஆண்ட சோங் வம்சத்தின் அரண்மனை இந்த விளிம்பை விரும்பவில்லை என்று அக்காலக் குறிப்பு ஒன்று உண்டு. அரண்மனைக்குப் பிடிக்காவிட்டால் என்ன? கிண்ணத்தின் வெளிப்புறத்தில் மெருகு வழிந்து திரண்டு நிற்கும் தாரைகளைப் பாருங்கள். சேகரிப்பாளர்கள் கண்ணீர்த் தடம் என்பார்கள். போலி செய்பவர்களும் அதை விடுவதில்லை என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் வாங்கிவிடாதீர்கள்.

விலைக் கதை ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் யாரோ பழைய சாமான் விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய திங் கிண்ணம், 2013-இல் நியூயார்க் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது.

கண்ணைப் பழக்க, சிங்கப்பூர் போகும்போது ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் தெஹுவா வெள்ளைச் சிலைகளைப் பாருங்கள். அவை அரச சூளையில் செய்தவை அல்ல, ஃபூஜியன் மாகாண வேலை. கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நிற்காதீர்கள்; பக்கவாட்டில் போய், கொஞ்சம் குனிந்து, மடிப்புகளில் நிழல் விழும் இடத்தில் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.