பரோல் கேட்பது எப்படி? ஏர்வாடிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் நீண்ட தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் மதுரை மத்தியச் சிறைக்குப் போகிறார்கள். அவர்கள் விடுப்பில் (பரோலில்) சில நாள் வீடு வந்து போக வழி உண்டு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்தான் அதற்கு அடிப்படை.

1. எந்த விடுப்பு?

சாதாரண விடுப்புக்கு 3 ஆண்டு சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் கல்யாண ஏற்பாடு, படிப்பு, வீடு பழுதுபார்ப்பு, பாகப்பிரிவினை, விதைப்பு, அறுவடை எல்லாம் ஏற்கத்தக்க காரணங்கள். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் என்றால் அவசர விடுப்பு. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் சிக்கல். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

2. மனு

சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். "குடும்பச் சூழ்நிலை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நிக்காஹ் என்றால் தேதியும் ஜமாஅத் கடிதமும், நோய் என்றால் மருத்துவமனைச் சீட்டும், கூரை ஒழுகினால் போட்டோவும் இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

3. விசாரணை

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். போலீஸ் அறிக்கையும் போகும். விடுப்பில் வருபவர் எங்கே தங்குவார், அவருக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பு அதே தெருவில் இருந்தால் மறைக்க வேண்டாம். கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ உள்ள சொந்தக்காரர் முகவரியைக் கொடுங்கள்.

4. வந்தபின்

ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னால் தவறாமல் போட வேண்டும். குறித்த நாளில் திரும்பாவிட்டால் அடுத்த விடுப்பு பாழ்.

5. மாற வேண்டியது

வாப்பா மவுத்தானால் அன்றோ மறுநாளோ அடக்கிவிடுகிறோம். மதுரையிலிருந்து ஏர்வாடிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்; வழிக்காவல் ஏற்பாடும் ஆக வேண்டும். கோப்பு ஒரு மேசையில் அரை நாள் தூங்கினாலே ஜனாஸா முடிந்துவிடும். மகன் மண்ணள்ளிப் போட முடியாமல் போவது அவனுக்கு விதித்த தண்டனையில் சேர்ந்ததல்ல.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ளது. 2023இல் ஒன்றிய அரசு ஒரு மாதிரிச் சிறைச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. மின்னணுக் கண்காணிப்புக் கருவியை அணியச் சம்மதித்தால் விடுப்புத் தரலாம் என்கிறது அது. என் பார்வையில் கருவியை விட முக்கியம், அடிக்கடி வந்து விசாரிக்கும் அலுவலர். மரண விடுப்பு மனுவுக்குச் சில மணி நேரத்தில் முடிவு, மறுத்தால் எழுத்தில் காரணம், போதுமான நன்னடத்தை அலுவலர்கள்: இந்த மூன்றையும் சட்டமன்றம் சட்டமாக்க வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் இதைக் கேளுங்கள்.

6. மறுத்தால்

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள்.