பரீட்சைக்குப் பிறகு யார் வாசிப்பது?

நமது நாட்டில் எழுத, வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 90 பேருக்கும் அதிகம். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விடயம்தான். ஆனால் எழுத்தறிவு வேறு, வாசிப்பு வேறு. பஸ் பலகையை வாசிக்கத் தெரிந்தவரெல்லாம் வாசகராகிவிட மாட்டார். பாடசாலையை விட்டு விலகி ஐந்து வருடம் கழித்தும் ஒருவர் தானாக ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கிறாரா? ஒரு நாட்டின் வாசிப்புப் பழக்கத்தை அதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாங்கள் வாசிக்கப் பழகும் விதத்தைப் பாருங்கள். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், அதன் பிறகு உயர்தரம். எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் முதலில் எழும் கேள்வி, "இது சோதனைக்கு வருமா டீச்சர்?" என்பதுதான். சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஆண்டும் பிசகாது. அந்த நாவலைத் திறந்து பார்த்தவர்களோ இரண்டே பேர். ஒரு புள்ளி எடுக்க அந்த ஒரு வரி போதும் அல்லவா?

கல்வி உளவியலில் ஊக்கலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு செயலை அதன் மீதுள்ள விருப்பத்தினாலேயே செய்வது அக ஊக்கல். புள்ளி, பரிசு, தண்டனைப் பயம் போன்ற வெளிக் காரணங்களுக்காகச் செய்வது புற ஊக்கல். இவை இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைப் பற்றி லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஓர் ஆய்வு 1973 இல் வெளியானது. சித்திரம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதற் குழுவிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பறையில் நிறப் பேனைகளை வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசு வாக்களிக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்களாம்.

எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவின் ஆசை குறையவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆகவே பரிசு என்பதே கூடாது என்று சொல்ல வரவில்லை. "இதற்காகத்தான் நீ செய்கிறாய்" என்று முன்னமே பிள்ளையின் மனதில் பதிய வைப்பதில்தான் கோளாறு. அது சித்திரம் பற்றிய ஆய்வுதானே, வாசிப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஒக்டோபர் மாதத்தில் ஏதாவதொரு பாடசாலைக்குப் போய்ப் பாருங்கள். தேசிய வாசிப்பு மாதம் என்று போட்டிகள் நடக்கும், சான்றிதழ்கள் அச்சாகும். வாசிப்புக் கொப்பியில் நூலின் பெயர், ஆசிரியர், பக்கங்களின் எண்ணிக்கை, பெற்ற படிப்பினை என்று நான்கு நிரல்கள் இருக்கும். பின்னட்டையைப் பார்த்தே நான்கையும் நிரப்பிவிடும் கெட்டிக்காரிகளை எனக்குத் தெரியும். நவம்பரில் அந்தக் கொப்பியைத் தேட ஆளிருக்காது.

எங்கள் உம்மும்மாமார் காலத்தில் பெண்பிள்ளைகளில் பலர் பாடசாலையை அதிகம் கண்டதில்லை. குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே அரபுத் தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் வாசித்தார்கள். ஒருத்தி ராகமிட்டுப் படிக்க, பாய் இழைத்தபடியோ பிள்ளையை மடியில் போட்டபடியோ மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். புள்ளியிட யாரும் இருக்கவில்லை. பிடித்ததைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், அடுத்தவளோடு கூடிப் படித்தார்கள். பட்டதாரிகள் நிறைந்த இன்றைய வீடுகள் பலவற்றில் அந்தச் சத்தம் இல்லை. கைபேசியைக் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். கைபேசி வருவதற்கு முன்பே நாங்கள் வாசிப்பைப் புள்ளிக்கு விற்றுவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

இது எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளை அதிகமாகப் பாதிக்கும். என்னோடு படிப்பவர்களில் சிலருக்கு உயர்தரம்தான் கடைசிப் பரீட்சை. வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் வீடு, திருமணம், குடும்பம் என்று வாழ்க்கை திரும்பிவிடும். பரீட்சைக்காக மட்டுமே வாசிக்கப் பழகியவளுக்குப் பத்தொன்பது வயதோடு புத்தகமும் முடிந்துபோகும். நாளை அவளுடைய பிள்ளை முதன்முதலில் புத்தகத்தைப் பார்க்கப் போவது அவளுடைய கையில்தான்.

இந்த வருடம் எங்கள் நூலகத்துக்குப் பொறுப்பான டீச்சரிடம் நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு விடயங்களைக் கேட்டோம். வாசிப்புக் கொப்பியில் 'படிப்பினை' நிரலை எடுத்துவிட வேண்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்க விட வேண்டும். முதலாவதைப் பற்றி அதிபரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாவதற்கு அப்போதே சம்மதித்துவிட்டார். எட்டாம் தரத்துப் பிள்ளையொன்று அந்த வாரத்திலேயே மூன்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்காவதை இன்னும் வைத்திருக்கிறாள்.