கொத்தும் தராசும்

உடுவிற் பகுதிக் கமக்கார வீடுகளில் அரிசியையும் மாவையும் சுண்டினால் அளப்பது நெடுங்கால வழக்கமாகும். 4 சுண்டு 1 கொத்து. 32 கொத்து 1 புசல். சுன்னாகம் சந்தையிலோ இன்று கிலோக் கணக்கே செல்லும். இவ்விரண்டையும் பொருத்த அறியாதார், வீட்டில் இடித்த மாவை விற்கும்போது நட்டமடைவர்.

தலைதட்டிய ஒரு சுண்டு தண்ணீர் ஏறக்குறைய 284 கிராம் நிறையுடையது. அதே சுண்டில் அரிசி 227 கிராம், அதாவது பழைய அரை இறாத்தல். நெல்லோ 163 கிராமே. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்னும் கணக்கினின்றும் இது பெறப்படும். உமியும் மணிகளுக்கிடையேயுள்ள காற்றும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பெருந்தொல்லை தருவது மாவே. அரித்த அரிசிமாவைத் தளரக் கொட்டினால் சுண்டு 140 கிராமளவில் நிற்கும். தட்டி அமுக்கினால் 190 கிராம் வரை ஏறக்கூடும். கொத்தொன்றுக்கு இவ்வேறுபாடு 200 கிராம். தளர்ந்த கொத்தை நிறுத்து விலை வகுத்து, அமுக்கிய கொத்தை அளந்து கொடுப்பவர், ஐந்து கொத்தில் ஒரு கிலோ மாவை இலவசமாகக் கொடுத்தவராவார். பிட்டு ஒருநாள் கட்டியாவதும் மறுநாள் உதிர்வதும் பெரும்பாலும் இதனாலேயே. பழி மட்டும் தண்ணீர் தெளித்தவர்மேல் விழும்.

மேற்கூறிய எண்களை அப்படியே நம்புதலும் ஆகாது. பல வீடுகளில் சுண்டு என வழங்குவது வெறும் பாற்பேணியே. அவை யாவும் ஓரளவினவல்ல. ஆதலால் வெறும் பேணியை முதலில் நிறுக்க. பின் மாவைத் தளரக் கொட்டி, தலைதட்டி, மும்முறை நிறுத்துச் சராசரி கண்டு, பேணியின் நிறையைக் கழிக்க. அரிசி, உழுந்து, குரக்கன்மா, மிளகாய்த்தூள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இவ்வாறு செய்து, விடையை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுக. பேணியை மாற்றினால் புதிதாக நிறுத்தல் வேண்டும்.