எந்த அறையில் படுக்கப் போகிறீர்கள்?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பார்த்தேன். காவோர் பக்கத்துக் கிராமம், கல் வீடு, நீச்சல் குளம், வாடகையும் பரவாயில்லை. "சென்னைக் கத்திரியையே பார்த்தவளுக்கு பிரான்ஸ் ஜூலை எம்மாத்திரம் அத்தை" என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வெளியே நடக்கும் வரை நீ சொல்வது சரி. காற்று வறண்டது, 36 டிகிரியிலும் அவ்வளவாகக் கசகசக்காது. வம்பெல்லாம் வீட்டுக்குள், அதுவும் ராத்திரியில். தலைக்கு மேல் மின்விசிறி இருக்காது. கிராமத்து வாடகை வீடுகளில் ஏசி அபூர்வம். 2003 ஆகஸ்டு வெயிலில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். 2019 ஜூன் 28 அன்று எங்கள் மோன்பெலியே பக்கத்திலுள்ள வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி. உன் அப்பாவை, என் அண்ணனையும் கூட்டி வருகிறாய், மறந்துவிடாதே.

அதனால் குளத்தை விட்டுத் தள்ளு, படுக்கையறை எங்கே இருக்கிறது என்று பார். நான்காவது படத்தில் கட்டிலுக்கு மேல் சரிவான கூரை, அதிலேயே பதித்த ஒரு ஜன்னல். அந்தக் காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்த பரணை அறையாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் ஓடு வாங்கிய சூடு விடியும் வரை அங்கேயே நிற்கும். கீழ்த்தளத்தில், அரை மீட்டர் கனச் சுவருக்குள் ஒரு படுக்கை இருந்தால் அதுதான் அண்ணனுக்கு.

கல் வீடு குளுமை என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. நாலைந்து நாள் தொடர்ந்து கொளுத்தினால் சுவரும் சூடேறி, ராத்திரியில் நம் மேலேயே திருப்பி வீசும். ராத்திரிக் காற்று உள்ளே புகுந்து வெளியேற எதிரெதிரே ஜன்னல் இருந்தால்தான் சுவர் ஆறும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பலகைக் கதவு உண்டா என்றும் கேள். புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் பார்த்திருப்பாய், அதுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளே தொங்கும் திரை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதானே தடுக்கிறது! காலையிலேயே எல்லாவற்றையும் சாத்திவிடு. நம் கை சும்மா இருக்காது, காத்தாடத் திறக்கத் துடிக்கும். வீட்டை விட வெளியே குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

அந்த நேரம் லேசில் வராது. கோடையில் இங்கே கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால் காவோரில் சூரியன் உச்சிக்கு வரவே பகல் 2 மணி ஆகும். சூடு உச்சம் மாலை ஐந்து, ஆறு மணிக்கு. அஸ்தமனம் ஒன்பதரைக்கு மேல். மேற்குப் பார்த்த ஜன்னல் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஜன்னலுக்குக் கொசுவலையும் அடித்திருக்க மாட்டார்கள். கொசுவுக்குப் பயந்து ராத்திரி சாத்தினால் பட்ட பாடெல்லாம் வீண், அதனால் ஒரு வலை கொண்டு வா. தரையில் வைக்கும் ஃபேன் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வை. வெயில் ஏறிய பிறகு கடைக்கு ஓடினால் கிடைக்காது.

வேறு வீடு தேடினாலும், பைன் காட்டுக்குள் ஒற்றைப் பாதையின் கடைசியில் இருக்கும் வீடு படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதே. 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெத்ரோகவ் கிராந்தே காட்டுத்தீயில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் காரில் தப்பிக்கப் போன சாலையிலேயே மாட்டிக்கொண்டவர்கள்.

வீட்டுக்காரருக்கு எழுதும்போது, ஜூலை வெயிலில் நீங்கள் எந்த அறையில் படுப்பீர்கள் என்று நேராகவே கேட்டுவிடு. மழுப்பினால் முன்பணம் கட்டாதே. ஓப்ராக் மேட்டுப் பக்கம் நானே வீடு விசாரிக்கிறேன். 1,000 மீட்டர் ஏறினாலே ஆறு டிகிரி போலக் குறையும், அங்கே என்றால் அண்ணனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அத்தை